கசற் திருப்ப நின்றவன்

முதலில் கேட்பது என் சத்தம்தான்.
"ரெண்டு கால், ஒரு சோடா, மூண்டாம் மேசை!"
அதுக்குப் பின்னால், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல,
லகூன் ஃபைவ்.

ஐந்து என்று பேர், ஆள் நாலு.
ஐந்தாவது ஆளுக்கு வாழைச்சேனைக் கடதாசி ஆலையில்
அன்றைக்கு இரவு வேலை.
எழுபத்தெட்டு, ஒக்டோபர், சனிக்கிழமை.
இன்னும் ஆறேழு கிழமையில் சூறாவளி வந்து
அந்தப் பாரின் கூரையைத் தூக்கிக்கொண்டு போகும்.
கூரைக்கு அது தெரியாது.
ஒவ்வொரு அடிக்கும் தகரம் கூடச் சேர்ந்து அதிருது.

ரெக்கோடரை என் பக்கத்தில் வைத்தது ஹியூகோ.
குவைத்தில் இருந்து அவன் மச்சான் கொண்டுவந்தது.
பிளக் இருந்த ஒரே சுவர்
சாராயப் போத்தல் அடுக்கின சுவர்.
"அரைமணித்தியாலத்தில டிக் எண்டு நிற்கும்.
மறுகா திருப்பிப் போடு. வேற என்ன வேலை உனக்கு?"
வேற வேலை இருந்தது.
சம்பளம் அதுக்குத்தான்.

எல்லாம் இங்கிலீசுப் பாட்டு,
ரேடியோவில் கேட்டுப் பிடித்தவை.
சொல் பிடிபடாத இடத்தை
விமலகாந்தன் வாயில் வந்ததைப் போட்டு நிரப்புவான்.
ஒன்றில், சத்தியமாக,
"ஓட்டமாவடி, ஓட்டமாவடி" என்றுதான் பாடுகிறான்.
கச்சேரி கிளாக்கர்மார் எழும்பி ஆடுகிறார்கள்.
மஃறூப்பின் பேஸ் ஒரு அடி பிந்தித்தான் வரும்;
போர்த்தெலோ தவிர ஒன்றும் குடியாதவன்,
அங்கே தள்ளாடினது அவன் விரல் மட்டும்.
டெரன்ஸ் அம்பைக் கூட்டினால்
கிளாசுகள் தட்டில் தானாக நடக்கும்.

பிறகு ஒரு மெல்லிய பாட்டு.
பார் முழுக்க அடங்கிப்போச்சு.
அந்த அமைதிக்குள் நான்:
"ஐயா, போன கிழமைக் காசு?"

மெல்போர்னில் இருந்து ஹியூகோவின் மகள்
இதைப் போனுக்கு அனுப்பியிருக்கிறாள்.
"டடி போனதுக்குப் பிறகு அலுமாரிக்குள்ள கிடந்தது, அங்கிள்.
இடையில கத்துற ஆள் ஆர்?
அவர்ட சத்தத்த மட்டும் வெட்டி எடுக்கலாமாம்."
நான் சிரிக்கிற மூஞ்சி ஒன்றை அனுப்பினேன்.
மறுகா கேட்டாள்:
"எல்லாம் மற்றாக்கள்ட பாட்டாக் கிடக்கு.
சொந்தமா ஒண்டும் செய்யல்லையா அவங்க?"

ஏ பக்கம் முடியும் இடம்:
ஹியூகோ குச்சியால் எண்ணுகிறான்,
ஒண்டு, ரெண்டு, மூண்டு

பி பக்கம் தொடங்கும் இடம்:
கைதட்டல். நீளமான கைதட்டல்.
விசில். ஒரு கதிரை விழுகிறது.
விமலகாந்தன், மூச்சு வாங்க:
"தேங்க்யூ. அது எங்கட."

நடுவில் நான்
ஐஸ் எடுக்கப் பின்பக்கம் போயிருந்தேன்.
சாக்கில் சுற்றி மரத்தூளில் புதைத்த கட்டி,
சுத்தியலால் உடைத்துக்கொண்டு நின்றேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய பாட்டு.
இந்தப் பக்கம் என் சுத்தியல்.
டிக் எனக்குக் கேட்கவில்லை.

பாட்டு தமிழில் இருந்தது, அது நிச்சயம்.
கல்லடி என்று ஒரு சொல் வந்தது;
ஊரா, ஆரோ எறிந்த கல்லா, தெரியாது.
மெட்டை நாற்பது வருசத்துக்கு மேலாகத் தேடுகிறேன்.
வாயைத் திறந்தால்
ஐஸ் உடைத்த தாளம்தான் வருகிறது.

ரெக்கோடர் தானாக நின்றுபோச்சு என்றேன்.
ஹியூகோ நம்பினான்.
அடுத்த சனி திரும்ப வாசிப்பம் என்றான்.
அடுத்த சனி மழை. அதற்கடுத்தது டெரன்சுக்குக் காய்ச்சல்.
மறுகா காற்று வந்தது.
பெரிய ட்ரம் வாவியில் மிதந்து போனதை
நாவலடியில் ஒருத்தன் கண்டானாம்.

அந்த ஐஸைக் கேட்டது ஆர் என்பது மட்டும்
அச்சொட்டாக ஞாபகம்:
போன கிழமைக் காசு தராத அதே கிளாக்கர்.
இந்தக் கிழமையும் தரவில்லை.

"இருந்தது மகள், ஒண்டு" என்று எழுதினேன்.
அழித்தேன்.
பிறகு எழுதி அனுப்பினது இது:
கத்துற ஆள் நான்தான். வெட்டலாம்.
அந்தக் கைதட்டலை மட்டும் விட்டுவை.